வாயை மட்டும் அசை!

எனக்குப் பாட வராது. அடக்கத்தில் சொல்லவில்லை, அத்தாட்சி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்குக் கோஷ்டி கானம் ஒத்திகை. இரண்டாவது வரியிலேயே பாட்டு டீச்சர் ஹார்மோனியத்தை நிறுத்தினார். நேராக என்னிடம் வந்து, "கண்ணா, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். அன்று அசைக்க ஆரம்பித்தவன், பஜனை, கல்யாணம் என்று எல்லா இடத்திலும் இன்னமும் அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் கோஷ்டி கானம் பற்றி எழுதுவது, பி.காம். படித்தவன் பல் பிடுங்கப் போவது மாதிரிதான். ஆனால் செக் மக்களின் கதையைப் படித்ததிலிருந்து சும்மா இருக்க முடியவில்லை. சேர்ந்து பாடியே தங்கள் பாஷையை நிமிர்த்தினவர்கள் அவர்கள்!

1850-களில் செக் மக்கள் வாழ்ந்த பொஹீமியாவும் மொரேவியாவும் வியன்னாவில் இருந்த ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியின் கையில். ஆபீஸ், காலேஜ், பெரிய மனுஷர்கள் வீட்டுப் பேச்சு எல்லாம் ஜெர்மன். செக் மொழியோ வயல்காட்டுக்கும் சமையற்கட்டுக்கும் போதும் என்று ஒதுக்கப்பட்ட சமாசாரம். பாக் என்று ஓர் உள்துறை மந்திரி (சங்கீத பாக் இல்லை, இவர் வேறே!) பத்து வருஷம் பிடித்த பிடியில், அரசியல் கூட்டமா, பத்திரிகையா, மூச்சு விடக் கூடாது. 1859-ல் இத்தாலியில் யுத்தம் தோற்றது, கஜானாவும் கந்தல். மறு வருஷம் அக்டோபரில் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். கல்லாப்பெட்டி காலியானால்தான் சில முதலாளிகளுக்குக் குமாஸ்தாக்களின் கஷ்டம் தெரியும், அது மாதிரி.

1861 ஜனவரியில் ப்ராக் நகரத்தில் வாத்ஸ்லாவ் ஹன்கா என்பவர் காலமானார். மியூசியத்தில் நூலகர். 1817-ல் பழங்காலத்து செக் கவிதைச் சுவடிகளைக் கண்டெடுத்ததாகச் சொல்லி, மக்களைத் தலைநிமிர வைத்தவர். அவருடைய இறுதிச் சடங்கில் லூகெஸ் என்ற பாடகரின் தலைமையில் ஆண்கள் கூடிப் பாடினார்கள். 'இதை இத்தோடு விடக் கூடாது' என்று தோன்றியதோ என்னவோ, அதே வருஷம் பிறந்தது 'ஹ்லாஹோல்' சங்கம். பல குரல் சேர்ந்த முழக்கம் என்று பொருள்.

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தச் சுவடிகள் போலி! ஹன்காவும் நண்பர்களும் தாங்களே எழுதிக் 'கண்டெடுத்து'விட்டார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. 1886-ல் அதை எடுத்துச் சொன்ன அறிஞர்கள் பக்கம் நின்ற பேராசிரியர் மசாரிக்கைத் துரோகி என்று திட்டினார்கள். அதே மசாரிக்தான் 1918-ல் செக்கோஸ்லோவாகியாவின் முதல் ஜனாதிபதி! ஆரம்ப இருப்பே கள்ளக் கணக்கு. ஆனால் அதில் ஏறிய வட்டி மட்டும் நிஜம். எந்த ஆடிட்டரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

இன்னொரு வேடிக்கை. ஆண்கள் கூடிப் பாடும் இந்தச் சங்க முறையே ஜெர்மானியர்களிடம் கற்றதுதான். மேல்குரல் இரண்டு, கீழ்க்குரல் இரண்டு. பக்க வாத்தியம் தேவையில்லை. வேலை முடிந்து வந்தவன் தன் பங்கை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். இலக்கணப் புத்தகம் புரட்டாமலே செக் வார்த்தைகள் நாக்கில் உட்கார்ந்துவிடும்.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1863 முதல் 1865 வரை ஹ்லாஹோலை நடத்தியவர் பெட்ரிக் ஸ்மெதனா. செக் சங்கீதத்தின் தந்தை! ஆனால் படித்ததெல்லாம் ஜெர்மனில். முப்பத்தாறு வயதில் செக் மொழியில் ஒரு கடிதம் எழுதும்போது, பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எழுதினார். தாய்மொழியில் தடுமாறிய ஆள், ஊருக்கே அந்த மொழியில் பாட்டுச் சொல்லித் தந்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மொரேவியாவின் பர்னோ நகரத்தில் 1873-ல் கைத்தொழிலாளர் பாட்டுச் சங்கம் ஒன்றுக்கு வாத்தியார் ஆனவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. பெயர் யனாச்செக். பிற்காலத்தில் உலகப் புகழ். அதே வருஷம் மார்ச் 9-ம் தேதி ப்ராகில் ஹ்லாஹோலின் சுமார் 300 பேர் சேர்ந்து ஒரு புதுப் பாடலை முழங்கினார்கள். 1620-ல் வெள்ளை மலைப் போரில் தோற்ற மக்களின் வாரிசுகளைப் பற்றிய பாட்டு. இசையமைத்தவர், கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தியவரின் மகன். பெயர் துவோர்ஷாக். அவருடைய முதல் பெரிய வெற்றி அதுதான்.

பாட்டோடு பணமும் சேர்ந்தது. செக் மொழிக்கென்று ஒரு தேசிய நாடக அரங்கம் கட்ட, ஊர் ஊராக உண்டியல். 1868-ல் அடிக்கல். 1881 ஜூனில் திறந்தார்கள், ஆகஸ்டில் தீப்பிடித்தது! அழுதுகொண்டு உட்காரவில்லை. 47 நாளில் பத்து லட்சம் கில்டர் வசூலித்தார்கள். 1883 நவம்பரில் ஸ்மெதனாவின் 'லிபுஷே'யோடு மறுபடி திறந்தது. அதற்குள் ஸ்மெதனாவுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் ஒன்பது வருஷம்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். 'நாம், நாம்' என்று பாடப் பாட, 'நாமில்லாத'வர்கள் யார் என்பதும் கூடவே வளர்ந்தது. அதே தெருவில் ஜெர்மன்காரர்களுக்குத் தனிச் சங்கம், தனிப் பாட்டு. 1939-ல் ஹிட்லரின் படை ப்ராகுக்குள் நுழைந்தது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் சுமார் முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் அந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பழியைப் பாட்டின் மேல் போட முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

வல்டாவா நதிக்கரையில் ஹ்லாஹோல் கட்டிக்கொண்ட கட்டடம் இருக்கிறது. சங்கமும் இருக்கிறது. பகலில் வேறே வேலை, சாயங்காலம் பாட்டு.

இதையெல்லாம் படித்த தைரியத்தில் போன சனிக்கிழமை பஜனையில் நான் வாயை அசைக்கவில்லை. நிஜமாகவே பாடினேன். பக்கத்தில் இருந்த மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"

"இல்லை மாமா. ஸ்மெதனாகூடத் தப்புத் தப்பாத்தான் ஆரம்பிச்சாராம்."

"அது யாரு, நம்ம காலனியா?" என்றார் மாமா. என்னைவிட அரைக்கட்டை தள்ளிப் பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.