செவ்வாய், வெள்ளி மட்டும் ஏன் லீவு?

"அவளுக்குப் படிப்புல ஆர்வமே இல்லம்மா. கணக்கு டெஸ்ட்டுன்னா அன்னிக்குக் கண்டிப்பா லீவுதான்!"

எட்டாம் வகுப்பு ஆசிரியை சலிப்போடு வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். அப்போது நான் சமூகப் பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. மாணவி. வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்காக வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்... அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் குறிகள் கோலப் புள்ளிபோல வரிசையாக இருந்தன. செவ்வாய், வெள்ளி. மறுபடி செவ்வாய், வெள்ளி. கணக்கு டெஸ்ட் நடப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை?

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலில் அப்பா படுத்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்துவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். மெஷினில் இருப்பது நான்கு மணி நேரம்தான். ஆனால் போக, வர, காத்திருக்க என்று முழு நாளும் போய்விடும். துணைக்கு அம்மா போயாக வேண்டும். இரண்டரை வயது தம்பியை யார் பார்ப்பது? பதிமூன்று வயது அக்காதான்.

"வேற என்ன பண்றது மிஸ்? முழுப் பரீட்சை முடிஞ்சதும் இவளை நிறுத்திடலாம்னு இருக்கோம். இவ வீட்டுல இருந்தா நான் இன்னும் ரெண்டு வீட்டுல வேலை பார்ப்பேன்" என்றார் அம்மா. மகள் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

வாசல் வரை வந்தவளிடம், "இதை டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் பாவமா பார்ப்பாங்க மிஸ்."

அடுத்து நடந்தவை எல்லாமே சின்ன வேலைகள். இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருந்தது. "மூணு வயசு முடிஞ்சாதான் சேர்ப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. இரண்டு வயதிலேயே சேர்க்கலாம் என்று சொல்லி, கூடவே போய்த் தம்பியைச் சேர்த்தோம். மதியச் சாப்பாடும் அங்கேயே. அதற்குப் பிறகு அவனைக் கூட்டிவந்து பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பாட்டி சம்மதித்தார். விஷயம் தெரிந்ததும் ஆசிரியை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரமே கணக்கு டெஸ்ட்டைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்.

அப்பாவின் நோய் தீரவில்லை. வீட்டுக் கஷ்டமும் தீரவில்லை. ஆனால், பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்ப ஆரம்பித்தன. அடுத்த ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

யார் இந்தப் பள்ளி சமூகப் பணியாளர்?

ஆசிரியருக்குப் பாடம் தெரியும்; ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஆலோசகர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, மனதில் இருப்பதைப் பேசவைப்பார். பள்ளி சமூகப் பணியாளர் அந்தப் பேச்சுக்குப் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளையின் வீட்டுக்குப் போவார். தேவைப்பட்டால் அங்கன்வாடிக்கும், ஆஸ்பத்திரிக்கும், தாலுகா ஆபீஸுக்கும் போவார். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பதுதான் அவர் வேலை.

இது புதிய யோசனை இல்லை. 1906-07-லேயே அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் பிள்ளைகளின் வீடு தேடிப் போகும் ஆசிரியர்களை நியமித்தார்கள். நம் நாட்டில் சமூகப் பணிக்கான முதல் கல்வி நிறுவனம் 1936-ல் மும்பையில் தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் 'மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்'கைத் தொடங்கினார். ஆனாலும், முழுநேர சமூகப் பணியாளர் இருக்கும் பள்ளியை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாததால் என்ன ஆகிவிடும்? 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் வரவில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். மாநிலமே அதிர்ந்தது. ஆனால், அந்த ஆப்சென்ட் எல்லாம் தேர்வு நாள் காலையிலா தொடங்கியிருக்கும்? வேலைக்குப் போன பையன், கல்யாணம் பேசி முடித்த பெண், பாடம் புரியாமல் ஒதுங்கிய பிள்ளை என்று ஒவ்வொரு லீவுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும். பதிவேட்டில் அது பல மாதம் முன்பே தெரியத் தொடங்கியிருக்கும். அதை எடுத்துப் பார்த்து, வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது மிஸ்!"

இந்த வேலையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. "சரி, சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யத்தான் மனசு வரும். ஆனால், அப்படிச் செய்யக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பேச ஆரம்பிக்கும்போதே பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிட வேண்டும்:

"நீ சொல்றது நம்மகிட்டயே இருக்கும். ஆனா, உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, உன்னை யாராவது தொந்தரவு பண்ணினா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு முன்னாடியே உனக்குச் சொல்லிடுவேன்."

பாலியல் தொந்தரவு என்றால் இது சட்டமும்கூட. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்', 'குடும்ப மானம் போய்விடும்' என்று மறைப்பதே குற்றம்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

* கிழமையைக் கவனியுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா? 'நடிக்கிறான்' என்று முடிவு கட்டாதீர்கள். பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு, திங்கட்கிழமை பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

* கேள்வியை மாற்றுங்கள். "ஏன் இப்படிப் பண்றே?" என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள்.

* மாற்றம் நீடித்தால் உதவி தேடுங்கள். சாப்பாடு, தூக்கம், நட்பு எல்லாம் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் தாமதிக்க வேண்டாம். "செத்துடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

* வீட்டு நிலைமையை ஒரு வரியாவது சொல்லுங்கள். நோய், வேலை இழப்பு, பிரிவு என்று எதுவாக இருந்தாலும் முழுக்கதையும் வேண்டாம். "வீட்டுல கொஞ்சம் கஷ்டம் டீச்சர், பார்த்துக்கோங்க" என்று சொன்னாலே, உங்கள் பிள்ளையை ஆசிரியர் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

* கூட்டத்துக்குப் போங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோரே. 'எங்கள் பள்ளிக்கு ஒரு சமூகப் பணியாளர் வேண்டும்' என்று அங்கே கேளுங்கள். பக்கத்துக் கல்லூரியில் சமூகப் பணித் துறை இருந்தால், களப்பணி மாணவர்களை அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியர் மூலம் கேட்டுப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் அந்தப் பள்ளிக்குப் போனேன்.

இந்த மூன்று எண்களையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மனநல உதவிக்கு 'டெலி மானஸ்' 14416. தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி மையம் 14417. பிள்ளைகளுக்கும் இந்த எண்கள் தெரிந்திருக்கட்டும். நம்மிடம் சொல்ல முடியாத விஷயம் என்றால், அவர்களே கூப்பிடலாம்.

நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளை, "இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலைம்மா" என்று முரண்டு பிடித்தால், கோபப்படுவதற்கு முன்னால் காலண்டரை ஒருமுறை பாருங்கள்.

என்ன கிழமை?