சமமில்லாத குளம்பும் லாடமும்



குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லாயாங் லாயாங். அந்த வட்டாரத்தில் எங்கு நோக்கினும் தோட்டங்கள்தாம். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே வாழும் குடும்பங்களிடம் குதிரைக் குளம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூர் குதிரைப் பந்தயம் 1843ஆம் ஆண்டு தொடங்கி, 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. அங்கும் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் பந்தயத் திடல்களிலும் குதிரைக்காரர்களாக உழைத்தவர்களில் நம்மவர்கள் பலர். அது மட்டுமன்று. செம்பனைக் குலைகளை வண்டியில் இழுத்த எருமைக்கும், லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் கறவைப் பசுவுக்கும் குளம்புதான் அடித்தளம். குதிரைக் குளம்பின் கதை தெரிந்தால் மாட்டுக் குளம்பின் கதையும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பழைய செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வணிகர் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் அங்கே கப்பலில் வந்து இறங்கின. அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் கவனிக்கத்தக்கது. அந்நாட்டாருக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை. லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கும் ஆட்கள் அங்கே இல்லை. குதிரை வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவதில்லை. அவர்கள் வேறு வழியில் வருவதையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வெப்பமும் ஒவ்வாத தீவனமும்கூடக் காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் கால் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாத நாட்டில் குதிரைக்குக் கொட்டிய பொன்னெல்லாம் மண்ணாயிற்று என்பது அதிலிருந்து விளங்குகிறது.

சரி, குளம்பு என்பது என்ன? நம் விரல் நகத்தைப் போன்ற பொருள்தான் அது. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலில் நிற்கிறது. அந்த விரலைச் சுற்றி வளர்ந்த தடித்த நகமே குளம்பு. வெளியே தெரிவது குளம்புச் சுவர். அதற்கு உணர்ச்சி இல்லை. உள்ளே இருக்கும் எலும்புக்கும் சதைக்கும் உணர்ச்சி உண்டு. காலைத் தூக்கி அடிப்புறத்தைப் பார்த்தால், சுவரும் உள்ளங்காலும் சேருமிடத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். லாடம் அடிப்பவருக்கு அதுவே எல்லைக்கோடு. ஆணி அதற்கு வெளியே இறங்கினால் வலி இல்லை; உள்ளே இறங்கினால் குதிரை நொண்டும், சீழும் பிடிக்கும். நடுவில் ஆப்பு வடிவத்தில், இரப்பர் போல நெகிழும் பகுதி ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் இதற்குத் ‘தவளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கால் தரையில் படும்போது குதிகால் பக்கம் சற்றே விரிகிறது; தவளையும் அதன் மேலுள்ள மெத்தை போன்ற பகுதியும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன.

குளம்பு மயிர் முடியும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் முழுதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதம் ஆகும். இன்று குளம்பில் தெரியும் கேடு பல மாதங்களுக்கு முன் தொடங்கியதாக இருக்கலாம். இன்று தொடங்கும் வைத்தியமும் முழுப் பலன் தர அத்தனை மாதங்கள் எடுக்கும். இந்த வேலைக்கு அவசரக்காரர் உதவமாட்டார்.

சமமில்லாத குளம்பு என்பதில் இரு வகை உண்டு. ஒரே குளம்பில் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருப்பது ஒரு வகை. அப்போது உயர்ந்த பக்கம் முதலில் தரையில் படும். ஒவ்வோர் அடியிலும் மூட்டு கோணலாக அழுந்தும். மேசையின் ஒரு கால் நீண்டிருந்தால் பலகை ஆடுவது போலத்தான். இரண்டாவது வகையில் இரண்டு முன்னங்கால்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கும். ஒன்று செங்குத்தாக, குதிகால் உயர்ந்து நிற்கும். மற்றது தட்டையாகப் பரந்து, முன்பக்கம் நீண்டு, குதிகால் தாழ்ந்து கிடக்கும். உடலின் பாரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களில் இறங்குவதால், கேடு அங்கே விரைவில் வெளிப்படும்.

இது எப்படி வருகிறது? சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே கால் கோணல். சில குட்டிகள் மேயும்போது எப்போதும் ஒரே காலை முன்னே நீட்டி, மற்றதைப் பின்னே வைத்து நிற்கும். கால் நீளம், கழுத்துக் குட்டை. புல்லை எட்ட வேண்டுமே! இப்பழக்கம் நீடித்தால் முன்னே நீளும் காலின் குளம்பு பரந்துபோகும், பின்னே நிற்பது செங்குத்தாகும். காயமோ வலியோ பட்ட காலில் குதிரை பாரம் வைக்காது. அந்தக் குளம்பு ஒடுங்கிவிடும். சீவுபவரின் கைவாகும் ஒரு காரணம். வலக்கைக்காரர் இரண்டு காலையும் ஒரே கோணத்தில் அரத்தால் தேய்ப்பதாக நினைப்பார். ஒன்றில் உட்பக்கமும் மற்றதில் வெளிப்பக்கமும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். நம் நாட்டு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த மண்ணிலும் சாணத்திலும் நிற்கும் குளம்பு மெதுவாகி வெளிப்பக்கம் வளையும். தவளை அழுகிக் கெட்ட நாற்றம் வரும்.

பார்த்துக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. குதிரையைச் சமதரையில், நான்கு காலிலும் பாரம் வைத்து நிறுத்துங்கள். முன்னே நின்று பார்த்தால் மயிர் முடியும் விளிம்பு தரைக்கு இணையாக இருக்கிறதா? பக்கத்தில் நின்று பார்த்தால், கணுவுக்குக் கீழே சரிந்து இறங்கும் பகுதியும் குளம்பின் முன்பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, நடுவில் உடைகிறதா? காலைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு குதிகாலும் ஒரே மட்டமா? கழற்றிய பழைய லாடத்தில் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது? பிறகு நடத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது என்பதைக் கண் சொல்லும், காதும் சொல்லும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பலர் செய்யும் பிழை, இரண்டு குளம்பையும் ஜோடிச் செருப்புப் போல ஒரே அளவாக்க முயல்வது. செங்குத்தான குளம்பின் குதிகாலை ஒரே நாளில் வெட்டித் தாழ்த்தினால், காலின் பின்புறம் ஓடும் தசைநாண் இழுபட்டு வலி அதிகமாகும். தட்டைக் குளம்பை உயரமாகக் காட்ட, குதிகாலை வெட்டாமல் விட்டு முன்பக்கத்தையும் நீளவிட்டால், பாரம் இன்னும் பின்னுக்குத் தள்ளப்பட்டு குதிகால் நசுங்கும். ஒவ்வொரு குளம்பும் தன் காலுக்குப் பொருந்த வேண்டும். அடுத்த காலுக்குப் பொருந்த வேண்டியதில்லை. வளர்ந்த குதிரையின் எலும்பு அமைப்பை அரத்தால் மாற்ற முடியாது. பாரம் நேராக இறங்கும்படி செய்யலாம். அதுவே பெரிய உதவி. எலும்பு வளரும் காலத்தில், அதாவது குட்டியின் முதல் சில மாதங்களில் பார்த்தால், கோணலைத் திருத்தவும் வழி உண்டு. குட்டிக்கு லாடம் இல்லையே, காலை ஏன் பார்க்க வேண்டும் என்று இருந்துவிடக் கூடாது.

சீவும் முறை இதுதான். ஆணி மடிப்புகளை நிமிர்த்தி லாடத்தைக் கழற்ற வேண்டும். உதிரும் நிலையிலுள்ள உள்ளங்கால் செதிலைக் குளம்புக் கத்தியால் சுரண்டி, உண்மையான மட்டத்தைக் காண வேண்டும். உயர்ந்த பக்கத்தைக் குறடால் வெட்டி, அரத்தால் சமன் செய்ய வேண்டும். தாழ்ந்த பக்கத்தைத் தொடக் கூடாது; வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, வளரத்தான் விட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளங்கால் நெகிழ்ந்து கொடுத்தால், அளவுக்கு மீறி மெலிந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். தட்டைக் குளம்பில் நீண்ட முன்பக்கத்தைக் குறைத்துக் குதிகாலுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். செங்குத்துக் குளம்பில் குதிகாலை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

லாடம் அதன் பிறகே. அரம் செய்து முடித்த சமனை லாடம் காப்பாற்றும். கோணல் குளம்பின் மேல் அடித்தால் கோணலையும் அதே போலக் காப்பாற்றும்! இரும்பைக் குளம்பின் வடிவத்துக்கு வளைக்க வேண்டும். இரும்புக்குத் தக்கபடி குளம்பைத் தேய்ப்பது செருப்புக்காகக் காலை வெட்டுவதாகும். காய்ச்சிய லாடத்தை ஒரு கணம் வைத்து எடுத்தால், படும் இடம் மட்டும் கருகிக் காட்டும். படாத இடம் பள்ளம். ஆணிகளைக் குளம்பின் முன்பாதியில் அடித்து, குதிகாலை விரிவதற்கு விட்டுவிடுவார்கள். சுவரின் வெளிப்புறத்தில் வெளிவரும் ஆணி நுனியை முறித்து மடித்துவிடுவார்கள். லாடம் இருக்கும்போது குளம்பு தேயாது, வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இரும்பு தேயாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றிச் சீவ வேண்டும். சமமில்லாத குளம்புக்கு இன்னும் முன்பாகவே பார்ப்பது நல்லது.

இனி நம் வீட்டு மாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் வண்டி மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தகடாக லாடம் அடித்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது; ஆகவே இரண்டு தகடு. பசுவின் பின்னங்காலில் வெளிப்பக்கக் குளம்புதான் வழக்கமாக வேகமாக வளர்ந்து உயர்ந்துவிடும். பாரமெல்லாம் அதில் இறங்கி, உள்ளே புண் உண்டாகும். முதுகை வளைத்து நிற்பது, அடிக்கடி காலை மாற்றி வைப்பது, பின்கால்கள் வெளிநோக்கித் திரும்புவது ஆகியவை அதன் அறிகுறிகள். நொண்டும் மாடு தீவனத்துக்கு நடக்காது. தின்னாத மாடு பாலைக் குறைக்கும். கொட்டகைத் தரையைக் காய்ந்திருக்கச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை காலைக் கழுவிப் பாருங்கள். குளம்பு செருப்பு முனை போல் வளைவதைக் கண்டால், கால்நடை இலாகாவினரிடமோ அனுபவமுள்ளவரிடமோ காட்டுங்கள். சூடோ, சீழோ, இரத்தமோ கண்டால் கத்தியைக் கையில் எடுக்காமல் வைத்தியரை அழையுங்கள்.

வாயில்லாச் சீவன் தன் வலியை நடையால்தான் சொல்கிறது. பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய அந்தக் குதிரைகளும் சொல்லித்தான் இருக்கும்; கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. உங்கள் கொட்டகையில் அந்த ஆளாக நீங்களே இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம்.