கலைக்கூடமும் பெயர்ச் சிறப்பும்

இடுகுறி, காரணம் என்னும் இருவகைப் பெயரும் பொதுவாகவும் சிறப்பாகவும் வரும் என்பது நன்னூலார் கொள்கை. கலைக்கூடத்துக்குப் பெயரிடுவோர்க்கு இப்பாகுபாடு இன்றும் பயன்படும். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் முதலில் 'சரஸ்வதி', பின்னர் 'பிரகதி' என்னும் பெயர்களில் படத்தொழில் நடத்தினார். கலைமகள், முன்னேற்றம் என்னும் பொருளுடைய அப்பெயர்களை எவரும் சூடலாம். 1945இல் தம் பெயரெழுத்துக்களால் 'ஏ.வி.எம்.' எனச் சூட்டினார். அது அவர்க்கே உரிய சிறப்புப்பெயராயிற்று. 1948இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு நிலையம் பெயர்ந்தபோதும் அப்பெயரே நிலைத்தது.

நம் நாட்டுச் சட்டமும் இச்சிறப்பையே வேண்டுகின்றது. 'கல்முனைக் கலைக்கூடம்' என்பது இடத்தையும் தொழிலையுமே சுட்டுதலின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வியாபாரக் குறியாதல் அரிது. வியாபாரப் பெயராகப் பதிந்த அளவிலும் தனியுரிமை பிறவாது. ஆதலின் நம் இளைஞர் பெயர்ப்பலகை எழுதுமுன், அப்பெயர் தமக்கே உரியதா என ஆராய்தல் வேண்டும். இன்றேல், உழைத்து ஈட்டிய நற்பெயர் அயலார் பலகைக்கும் உதவும்.