பனிக்காலத்தில் பாட்டியும் ஏறும் மலை!

குளிர்காலத்தில் மலை ஏறுவது யார் வேலை?

கயிறும் கோடரியும் கட்டிக்கொண்டு போகும் வீரர்களின் வேலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் ஜப்பானில் ஒரு மலை இருக்கிறது. பல் கிட்டும் குளிரிலும் அங்கே பாட்டிகள் ஏறுகிறார்கள். பேரப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அதுவரை மலைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆபீஸ் ஊழியர்கள் ஏறுகிறார்கள். உச்சியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள்.

பொழுது சாய்வதற்குள்! எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

நகரத்தின் ஓரத்தில்

அந்த மலையின் பெயர் தக்காவோ. ஜப்பானின் தலைநகரமான டோக்கியோவின் மேற்குக் கோடியில், ஹச்சியோஜி என்ற ஊரில் இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

டோக்கியோவில் ஷின்ஜுக்கு என்பது பெரிய ரயில் நிலையம். அங்கே காலையில் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் மலை அடிவாரம். கார் வேண்டாம். கூடாரம் வேண்டாம். இரவு தங்க வேண்டாம்.

மலையின் உயரம் 599 மீட்டர்தான். ஜப்பானின் மிக உயர்ந்த மலையான பியூஜி 3,776 மீட்டர். அதோடு பார்த்தால் தக்காவோ ஒரு குழந்தை.

ஆனால் கூட்டத்தில் அண்ணன்! ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்கு மேல் இங்கே வருகிறார்கள். உலகிலேயே அதிகம் பேர் ஏறும் மலை இதுதான் என்று சொல்வார்கள்.

பாதி தூரம் ரயில்

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து பாதி மலைவரை இரும்புக் கயிற்று ரயில் போகிறது. ஒரு வண்டி மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்கும். 1927-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. இந்த வகை ரயில்களில் ஜப்பானிலேயே மிகச் செங்குத்தான பாதை இதுதான். ஓரிடத்தில் 31 டிகிரி சரிவு!

சுமார் 6 நிமிடத்தில் 472 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மீதி 127 மீட்டர்தான். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும்.

நடந்தே ஏற விரும்புகிறவர்களுக்குப் பல பாதைகள் உண்டு. ஒன்றாம் எண் பாதை பெரும்பாலும் கெட்டித் தளம் போட்டது. நீளம் 3.8 கிலோமீட்டர். புதியவர்களை வழிகாட்டிகள் முதலில் அழைத்துப் போவது இந்தப் பாதையில்தான்.

ஆறாம் எண் பாதை ஓடையை ஒட்டிப் போகும் மண் பாதை. அழகானது. ஆனால் குளிர்காலத்தில் ஈரமும் பனிக்கட்டியும் வழுக்கும். அது பழகியவர்களுக்கு.

வேர் சுருண்ட மரம்

ஒன்றாம் பாதையில் பிரம்மாண்டமான ஒரு மரம் நிற்கிறது. சுகி என்னும் ஊசியிலை மரம். அதன் வயது சுமார் 450 ஆண்டு என்கிறார்கள். வேர்கள் ஆக்டோபஸின் கால்களைப்போல் சுருண்டு கிடக்கின்றன. அதனால் "ஆக்டோபஸ் மரம்" என்றே பெயர்.

இதற்கு ஒரு கதை உண்டு.

முன்னொரு காலத்தில் கோயிலுக்குப் பாதை போட்டார்களாம். இந்த மரத்தின் வேர் குறுக்கே நின்றதாம். வெட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டார்களாம். அது மரத்தின் காதில் விழுந்துவிட்டது! ஒரே இரவில் தன் வேர்களைப் பின்னால் சுருட்டிக்கொண்டு வழி விட்டதாம்.

அந்தக் கோயில் யக்குவோ-இன் என்ற பௌத்தக் கோயில். கி.பி. 744-ல் கியோக்கி என்ற துறவி நிறுவியது என்பது கோயில் வரலாறு. நீண்ட மூக்குள்ள தெங்கூ என்னும் மலைத் தேவதைகள் இங்கே காவல் என்பது மக்கள் நம்பிக்கை. கோயிலின் மலை என்பதால் மரங்களை யாரும் கண்டபடி வெட்டவில்லை. இன்று இந்தச் சிறிய மலையில் சுமார் 1,600 வகைச் செடி கொடிகள் இருக்கின்றன.

கோயிலை நெருங்கும்போது பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று "ஆண் சரிவு". அதில் 108 படிகள். மனிதனின் ஆசாபாசங்கள் 108 என்பது பௌத்த நம்பிக்கை. படிக்கு ஒன்றாக அவற்றை மிதித்துக் கடக்க வேண்டுமாம். மற்றொன்று "பெண் சரிவு". அதில் படிகள் கிடையாது. சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறும்.

இரண்டும் மேலே ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். ஆண்கள் பலர் பெண் சரிவில் போகிறார்கள். பாட்டிகள் சிலர் 108 படியையும் ஏறிவிடுகிறார்கள்!

வழிகாட்டி என்ன செய்கிறார்?

இவ்வளவு சுலபமான மலைக்கு வழிகாட்டி எதற்கு? பாதை காட்டுவதற்கா?

இல்லை. பாதை எல்லோருக்கும் தெரியும். பழகாதவர்களுக்கு அவர் காட்டுவது வேறு.

முதலில் உடை. புதியவர்கள் குளிருக்குப் பயந்து கனமான கோட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். கொஞ்ச தூரம் நடப்பதற்குள் வியர்த்துவிடும். பருத்திச் சட்டை நனைந்துவிடும். உச்சியில் நின்றதும் அந்த ஈரமே எலும்பைத் துளைக்கும். குளிர்காலத்தில் முதல் எதிரி பனி அல்ல, வியர்வை!

அதனால் வழிகாட்டி, கிளம்பும்போதே ஒரு சட்டையைக் கழற்றச் சொல்வார். மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஏறும்போது கழற்ற வேண்டும். நின்றதும் போட வேண்டும்.

அடுத்தது நடை. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அடி சின்னதாக இருக்க வேண்டும். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவரை வழிகாட்டி தனக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொள்வார். அவர் வேகமே எல்லோருக்கும் வேகம். அப்போது யாரும் பின்தங்க மாட்டார்கள். யாரும் வெட்கப்படவும் வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்? பிளாஸ்கில் வெந்நீர், கொஞ்சம் இனிப்பு, கையுறை, மாற்றுச் சட்டை. பனி பெய்திருந்தால் பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ள இரும்பு முள்பட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு டார்ச் விளக்கு.

பகலில் போகிறவர்களுக்கு டார்ச் எதற்கு? அதைத்தான் புதியவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

செடியில் பூத்த பனி

குளிர்காலத்தில் ஏன் வரவேண்டும்? வசந்தத்தில் வந்தால் போதாதா?

போதாது. குளிர்காலத்தில் மட்டும் பூக்கும் ஒரு பூ இங்கே இருக்கிறது. அது பூவே அல்ல, பனிக்கட்டி!

துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. ஜப்பானியர் அதை "ஷிமோபாஷிரா" என்கிறார்கள். பனித் தூண் என்று பொருள். குளிர்காலத்தில் செடியின் தண்டு காய்ந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் காய்ந்த தண்டில் ஏறும். விடியற்காலைக் குளிரில் உறையும். உறைந்த நீர் தண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெள்ளை ரிப்பன்போல் மடிந்து மடிந்து நிற்கும்.

பார்ப்பதற்கு வெள்ளைப் பூ. தொட்டால் தண்ணீர்.

டிசம்பர் மத்தியிலிருந்து, கடுங்குளிர் விழுந்த காலைகளில் இதைக் காணலாம். வெயில் ஏறியதும் கரைந்துவிடும். தாமதமாக எழுந்தவனுக்குக் கிடைக்காது!

மலை உச்சியில் இன்னொரு காட்சி. குளிர்காலத்தில் காற்று வறண்டு தெளிந்திருக்கும். கோடையில் புகைமூட்டத்தில் மறைந்திருக்கும் பியூஜி, இப்போது வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு எதிரே நிற்கும்.

சோற்று உருண்டையை அவிழ்த்துச் சாப்பிடுகிறவர்கள் சிலர். கடையில் ஆவி பறக்கும் சோபா நூடுல்ஸ் வாங்கிக் குடிக்கிறவர்கள் சிலர். அதன்மேல் காட்டு வள்ளிக்கிழங்கைத் துருவிப் போட்டிருப்பார்கள். மலையில் குப்பைத் தொட்டி கிடையாது. தின்ற பொட்டலத்தின் காகிதத்தை மடித்து வீட்டுக்கே எடுத்துப்போகிறார்கள்.

வைரத்தின் விலை

டிசம்பர் 22-ந் தேதியை ஒட்டிய சில நாட்களில் உச்சியில் பெருங்கூட்டம் கூடும். காரணம், அந்த நாட்களில் சூரியன் சரியாகப் பியூஜியின் தலைமேல் இறங்கும். மலை முடியில் வைரக்கல் பதித்தாற்போல் ஒரு நிமிடம் மின்னும். "வைர பியூஜி" என்று பெயர்.

காண வேண்டிய காட்சிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

அந்த வைரம் மறைந்ததும் இருட்டு!

டிசம்பரில் டோக்கியோவில் மாலை 4½ மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மரம் அடர்ந்த பாதையில் அதற்கு முன்பே இருள் கவிந்துவிடும். காலையில் ஊசி ஊசியாக உறைந்திருந்த மண், பகலில் உருகிச் சேறாகியிருக்கும். பொழுது போனதும் மறுபடி உறையத் தொடங்கும். கால்கள் களைத்திருக்கும். இறங்கும்போதுதான் வழுக்கும்.

"599 மீட்டர்தானே!" என்று நினைத்து வந்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வழுக்கி விழுந்து கால் முறிந்தவர்கள் உண்டு. வழி தவறியவர்கள் உண்டு. கைபேசி வெளிச்சத்தை நம்பி, அது அணைந்து நின்றவர்கள் உண்டு. அடிவாரப் போலீசார் மலை மீட்புக் குழு ஒன்றையே வைத்திருக்கிறார்கள். உயர்ந்த மலைகளில் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. சிறிய மலைக்கு யாரும் பயப்படுவதில்லை. அதுவே ஆபத்து.

டார்ச் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது விடை தெரிந்திருக்கும்.

திரும்பும் நேரம்

பழகிய வழிகாட்டி, கிளம்புவதற்கு முன்பே ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவார். பகல் ஒன்றரை மணி என்றால் ஒன்றரை மணி. அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் சரி.

புதியவர்களுக்கு இது கஷ்டம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்று மனம் அடித்துக்கொள்ளும். முதல் மலை, முதல் உச்சி, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயிற்று. எப்படித் திரும்புவது?

ஆனால் பத்து நிமிடம் ஏறினால், இறங்கவும் நேரம் வேண்டும். அது பகல் வெளிச்சத்திலிருந்து கழியும். கயிற்று ரயிலுக்கும் கடைசி வண்டி என்று ஒன்று உண்டு. மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

ஒருவரை உச்சிக்குக் கொண்டுபோவது வழிகாட்டியின் பாதி வேலை. முகம் வாடியவரைக் கண்டுபிடித்து, அவர் தலைகுனியாமல் கூட்டத்தையே திருப்பி, எல்லோரையும் ரயில் நிலையத்தில் எண்ணி ஏற்றுவதுதான் முழு வேலை.

வயதானவர்களும் குழந்தைகளும் குளிர்காலத்தில் இங்கே தைரியமாக ஏறுவதற்கு இதுதான் காரணம். அவர்கள் பலசாலிகள் அல்ல. காலையில் சீக்கிரம் புறப்படுகிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள். நேரத்தோடு திரும்புகிறார்கள்.

பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் "கொன்னிச்சிவா" என்று வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். ஏறுகிறவர்களின் முகத்தை இறங்குகிறவர்கள் ஒரு தடவை பார்த்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு காவல்தான்.

தக்காவோ மலையில் ஒரு நெடும்பாதை தொடங்குகிறது. ஒசாகா நகரின் பக்கத்தில் உள்ள மினோ வரையில் போகிறது. நீளம் சுமார் 1,700 கிலோமீட்டர்! அதை நடக்கிறவர்களும் முதல் அடியை எடுத்துவைப்பது இந்தச் சிறிய மலையில்தான்.

முதல் நாளில் உச்சியைத் தொடாமல் திரும்பியவர்களும் மறுபடி வருகிறார்கள். அன்று வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததால்தானே வர முடிகிறது!