45,000 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது?

2026 ஜனவரி முதல் இலங்கையில் தனியார் துறை ஊழியர் ஒருவருக்குச் சட்டம் வைத்திருக்கும் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நாட்கூலி என்றால் 1,200. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில் உயர்தரம் முடித்து, கணக்கியலில் ஒரு டிப்ளோமாவும் எடுத்த பிள்ளை 55,000 கிடைக்கும் என்று நம்பி நேர்முகப் பரீட்சைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைக்கிறது, கடிதத்தில் இருப்பது 45,000. அந்தப் பத்தாயிரம் ரூபாய் இடைவெளியைப் பார்த்ததும் நம் பிள்ளைகளில் அநேகர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வாய் திறக்காமல் கையெழுத்து வைக்கிறார்கள். மற்றது, வாய் திறக்காமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வருவதில்லை. பேசுவதற்குக் கையில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தரைமட்டம். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தேசிய குறைந்தபட்ச வேதனத்தை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. அன்று அது 10,000. 2021இல் 12,500 ஆனது, 2024இல் 17,500. இதற்கு மேலே வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு என்று 3,500 தனியாக இருந்தது. 2024இல் இரண்டும் சேர்ந்து 21,000. 2025 ஏப்ரலில் 27,000, பிறகு இன்றைய 30,000.

இந்த வரிசையில் மிக மோசமான மாதம் 2022 செப்டெம்பர். நாடு முழுவதற்குமான நுகர்வோர் விலைச் சுட்டெண் அந்த மாதம் ஓராண்டுக்குள் 73.7 வீதம் ஏறியிருந்தது. குறைந்தபட்ச வேதனமோ நிவாரணக் கொடுப்பனவோடு சேர்த்து 16,000இல் அப்படியே நின்றது. 16,000ஐ 1.737ஆல் வகுத்தால் 9,211. அதாவது, ஓராண்டுக்கு முன் 9,211 ரூபாய்க்கு வாங்கிய சாமானைத்தான் 16,000 ரூபாய்ச் சம்பளத்தால் வாங்க முடிந்தது. அதற்குப் பிறகு விலையேற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே 55,000 எதிர்பார்க்கும் பிள்ளையைப் பார்த்து "2020இல் உன் காக்கா 35,000க்குத்தானே போனான்" என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. அந்த 35,000 இன்று அந்த 35,000 அல்ல.

இனிக் கடிதத்துக்கு வருவோம். 45,000 என்று தடித்த எழுத்தில் இருக்கும் தொகைக்குக் கீழே சிறிய எழுத்தில் பிரிவுகள் இருக்கும். நம் உதாரணத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000, வரவுக் கொடுப்பனவு 7,500, போக்குவரத்து 7,500. அதே 45,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக வரும் இன்னொரு கடிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். மேலே தெரியும் தொகை ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். 1980இன் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டவேண்டும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் அது போன்றவையும் சேமலாப நிதிக் கணக்கில் சேரவேண்டும். மேலதிக நேரப் பணம் சேராது. வரவு, போக்குவரத்து என்று பெயரிட்டுத் தருபவற்றைக் கம்பனிகள் வழக்கமாகக் கணக்குக்கு வெளியே வைத்துவிடுகின்றன. அதனால் கொடுப்பனவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் வாசிக்க வேண்டும். அப்படி வெளியே வைத்தால் இரண்டு கடிதங்களும் இப்படி வரும்:

முதலாளி மாதம் கட்டும் 15 வீதம்: முதற் கடிதத்தில் 4,500, இரண்டாவதில் 6,750.
ஐந்து ஆண்டுக்கு அந்த வித்தியாசம், வட்டி இல்லாமல்: 135,000.
ஐந்து ஆண்டு முடியப் பணிக்கொடை, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம்: 75,000, 112,500. வித்தியாசம் 37,500.
மேலதிக நேரம் ஒரு மணிக்கு: 187.50, 281.25.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் வருவது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு உரியது. மேலதிக நேரக் கணக்கு கடை, காரியாலய ஊழியர்களுக்கானது: மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக நின்றால் வித்தியாசம் 1,875 ரூபாய். ஐந்து ஆண்டு இப்படியே போனால் 112,500. மூன்றையும் கூட்டினால் 285,000. சம்பள உயர்வு எதையும் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. இரண்டு கடிதங்களிலும் மேலே எழுதியிருப்பது 45,000தான் என்பதை மறக்கவேண்டாம்.

வரவுக் கொடுப்பனவில் இன்னொரு ஆபத்து உண்டு. அநேக இடங்களில் மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ தவறினால் முழுத்தொகையும் போய்விடும். உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் கந்தளாய் ஆதார வைத்தியசாலை வரிசையில் நின்றால் அந்த நாளின் விலை 7,500 ஆகிவிடலாம். எத்தனை நாள் தவறினால் எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேட்காமல் அதைச் சம்பளத்தில் சேர்த்து எண்ணக்கூடாது.

இந்த நாட்டில் மிகப் பெரிய சம்பளப் பேரம் நடந்த இடம் மலையகம். அங்கே நடந்ததும் இதே கணக்குத்தான். 2013இன் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 620. அதில் அடிப்படை 450. பிறகு 1,000 ரூபாய் கேட்டார்கள். 2016 ஒக்டோபரில் கிடைத்தது 730: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத் திடலில் கூடி அந்த ஆயிரத்தை மீண்டும் கேட்டார்கள். 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் வந்தது 750: அடிப்படை 700, விலைப் பங்கு 50. வரவுக்கும் உற்பத்திக்கும் இருந்த 200 எடுக்கப்பட்டது.

இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். அடிப்படை 40 வீதம் கூடியது. மொத்தம் கூடியது 20 ரூபாய் மட்டும். சேமலாப நிதிக்கு அடிப்படையில் 8 வீதம் கழித்தால், முன்பு நிபந்தனை எல்லாவற்றையும் நிறைவேற்றியவருக்கு 730இல் கைக்கு வந்தது 690. புதிய ஒப்பந்தத்தில் 750இல் வந்தது 694. கைக்கு நான்கு ரூபாய். அந்த நான்கு ரூபாயைப் பார்த்தவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் வரவும் உற்பத்தியும் குறைந்த மாதத்தில் பழைய ஒப்பந்தப்படி 200 ரூபாயையும் இழந்தவருக்கு 700 உறுதியானது. முதலாளி நிதிக்குக் கட்டும் 15 வீதமும் 75இலிருந்து 105 ஆனது. ஆயிரம் 2021 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் வரவில்லை, வர்த்தமானியால் வந்தது: 900உம் நிவாரணக் கொடுப்பனவு 100உம். அமைப்பாக நின்று பேசியவர்களுக்கே இத்தனை ஆண்டு எடுத்தது. தனியாக ஒரு மேசைக்கு முன்னால் உட்காரும் பிள்ளைக்கு ஒரே நாளில் முழுத்தொகையும் கிடைக்காததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசாங்கம் தன் ஊழியர்களுக்குச் செய்ததும் இதே வேலைதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச துறையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000ஆக, 2027 ஜனவரிக்குள் மூன்று கட்டமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். உயர்வு 15,750. ஆனால் அதில் 7,500 ஏற்கெனவே கொடுத்துவந்த கொடுப்பனவுகளை அடிப்படைக்குள் சேர்த்தது. உண்மையான கூடுதல் 8,250. தனியார் துறையின் 3,500 நிவாரணக் கொடுப்பனவையும் அப்படித்தான் குறைந்தபட்ச வேதனத்துக்குள் சேர்த்தார்கள். கொடுப்பனவை அடிப்படைக்குள் கொண்டுவாருங்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அது புதுமையான கோரிக்கை இல்லை. நாடே அந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, முதலாளியின் பக்கம் இருந்து பார்ப்போம். அவர் பக்கத்துக் கணக்குத் தெரியாமல் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பது போன்றது. முதற் கடிதத்தில் உங்களுக்காக அவர் செலவழிப்பது 45,000உம் 4,500உம், மொத்தம் 49,500. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று அவர் சொன்னால், அதே செலவுக்குள் முழு அடிப்படையாக 43,043 தரலாம். அப்போது உங்கள் கைக்கு வருவது 42,600இலிருந்து 39,600ஆகக் குறையும். இரண்டு நிதிகளுக்கும் போவது 6,900இலிருந்து 9,900ஆகக் கூடும். மூவாயிரம் கையிலிருந்து சேமிப்புக்கு மாறுகிறது. வீட்டில் அடுத்த மாதம் அரிசிக்கே தட்டுப்பாடு என்றால் இந்த மாற்றம் உதவாது, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அப்படியானவர் பாதி வழி கேட்கலாம்: போக்குவரத்து 7,500ஐ மட்டும் அடிப்படையில் சேர்க்கச் சொல்வது. முதலாளிக்கு மாதம் கூடும் செலவு 1,125. உங்கள் கையிலிருந்து குறைவது 600. உங்கள் பெயரில் நிதியில் சேர்வது 1,725. "சேர், மொத்தத்தைக் கூட்ட ஏலாது எண்டா விளங்குது. அந்தப் போக்குவரத்துக் காசை அடிப்படையில சேர்த்துத் தாங்க, உங்களுக்கு மாசம் 1,125 ரூபாதான் கூடும்" என்று சொல்லும் பிள்ளையை யாரும் பேராசைக்காரி என்று சொல்லமுடியாது. கணக்குத் தெரிந்த பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். கணக்கு வேலைக்குத்தானே எடுக்கிறார்கள்.

பேரத்தின் பலம் வேறு எங்கே போகலாம் என்பதில் இருக்கிறது. கந்தளாய்க்காரருக்கு அது சுருங்கிப்போனது 1993இல், சீனித் தொழிற்சாலை மூடப்பட்டபோது. குளமும் வயலும் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் மாதச் சம்பளம் கொடுத்த இடம் இல்லை. கந்தளாய்ப் பக்கத்துப் பேராற்றிலிருந்தோ அக்ரபோதியிலிருந்தோ வேலைக்குப் போகிறவர் ஏ6 வீதியில் சுமார் 40 கிலோமீற்றர் திருகோணமலைக்குப் போகவேண்டும். அங்கே சீனன்குடாவில் மா ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், சீமெந்துத் தொழிற்சாலை இருக்கின்றன. அதனால் பயணச் செலவைக் கழிக்காமல் எந்தச் சம்பளத்தையும் ஒப்பிடக்கூடாது. மாதம் 25 நாள் என்றால், ஒரு பக்கப் பயணச் செலவில் ஒவ்வொரு 10 ரூபாய்க்கும் மாதம் 500 போகிறது. ஒரு பக்கத்துக்கு 150 ஆனால் 7,500. கடிதத்தில் போக்குவரத்து என்று தந்தது அத்தனையும் பஸ்ஸுக்கே சரி. அப்படியென்றால் திருகோணமலையில் கிடைக்கும் 45,000உம் கந்தளாய்ச் சந்தியில் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் 37,500உம் கைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தைச் சேர்த்தால் ஊர் வேலைதான் மேல்.

கட்டார் என்ற வழியும் இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் பேசப்படுவது. அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 மேலதிகமாகக் கொடுக்கவேண்டும். டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று எடுத்தால் 1,000 றியால் ஏறக்குறைய 82,400 ரூபாய். உள்ளூரில் 45,000 தரும் முதலாளிக்கும் இந்தத் தொகை தெரியும். பிள்ளை அதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தன் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும், பிரிந்திருக்கும் ஆண்டுகளுக்கு விலை போட எந்தச் சட்டமும் இல்லை என்பதோடு சேர்த்து.

தொடக்கச் சம்பளத்தில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வளர்ந்துகொண்டே போகும். 50,000க்குப் பதில் 45,000க்கு ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 8 வீத உயர்வு கிடைத்தால், ஐந்து ஆண்டில் அந்த 5,000த்தின் இழப்பு ஏறக்குறைய 352,000. உடனே கிடைக்காவிட்டால் தகுதிகாண் காலம் முடிய 50,000 என்று கடிதத்தில் எழுதிக் கேட்கலாம். "பார்த்துச் செய்வோம்" என்பது வாக்குறுதியாக இருக்கலாம், ஆனால் கடிதத்தில் இல்லாத தொகையைப் பிறகு எங்கேயும் காட்டிக் கேட்கமுடியாது. வருமான வரி பற்றிப் பயப்படவேண்டாம். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வரி இல்லை.

தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி கிடையாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலிருந்தே வெட்டும் இடங்களும் உண்டு. 45,000 அடிப்படையில் அது மாதம் 5,400, அதுவும் சட்டவிரோதம். முதற் கடிதத்தின் 30,000 அடிப்படையில்கூட ஆறு மாதத்துக்கு இரண்டு நிதிகளிலும் சேரவேண்டியது 41,400. அதில் 14,400 உங்கள் சம்பளத்திலிருந்து போனது, 27,000 முதலாளி தரவேண்டியது. சேமலாப நிதிப் பணம் வரவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிடலாம். சம்பளச் சிட்டைகளையும் நியமனக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோகவேண்டும்.