பல்ப் பாதி, குழியாடி பாதி

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகிறவருக்கும், ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிறவருக்கும் வேண்டிய வெளிச்சம் ஒன்றல்ல. நாலந்தா, நாவுல தாண்டித் தம்புள்ளை வரை மரக்கறி லொறிகள் இரவெல்லாம் போவதும் வருவதுமாக இருக்கும். பெரும்பாலும் டிம்மிலேயே ஓட்ட வேண்டும். ரிவர்ஸ்டன் பாதையில் எதிரே வாகனம் குறைவு. அங்கே பகை மூடுபனி. சீகிரியாப் பக்கம் திரும்பினால், விளக்கில்லாத வீதியோரத்தில் தாரின் நிறத்திலேயே யானை நிற்கக்கூடும். ஆக, "ஹெட்லைட் போதவில்லை" என்ற முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது என்பதால், ஓடுகிற கார்களில் பல வயதானவை. ஆனால் அந்த முறைப்பாட்டுக்குக் கடைக்காரர் நீட்டும் மருந்து, அதாவது கூடுதல் வாட் பல்ப் அல்லது வெள்ளை எல்.ஈ.டி., பெரும்பாலும் நோயைப் பார்த்துத் தருவதல்ல. ஹெட்லைட்டில் பல்ப் பாதிதான். மீதிப் பாதி அதன் பின்னாலுள்ள குழியாடி.

ஹலோஜன் பல்ப் கார்களுக்கு வந்தது 1962இல், ஐரோப்பாவில். சூடான தங்குதன் இழையிலிருந்து ஆவியாகும் அணுக்களை உள்ளிருக்கும் ஹலோஜன் வாயு பிடித்து இழைக்கே திருப்பிக் கொண்டுபோவதால் கண்ணாடி கறுப்பதில்லை. இழையையும் அதிகம் சூடாக்கி அதிக ஒளி பெறலாம். 1971இல் வந்த எச்4 இன்றும் நம் வீதிகளில் சாதாரணம். அதற்குள் இரண்டு இழைகள்: 60 வாட் ஹை பீமுக்கு, 55 வாட் டிம்முக்கு. ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீற்றர் நீளந்தான். டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். இழை கீழ்நோக்கி விடும் ஒளியை அது மறைத்துவிடுவதால் குழியாடியின் மேற்பாதி மட்டுமே வேலை செய்து, கதிரை வீதிக்கு இறக்குகிறது. சுவரில் டிம் போட்டால் தெரியும் கூர்மையான மேல்விளிம்பு, அந்தக் கிண்ணத்தின் விளிம்பு போட்ட கோடு. அந்தக் கோடு நம் பக்கத்தில், இடது ஓரத்தில், சற்று மேலேறும். வீதியோரம் நடப்பவரும் பலகைகளும் தெரிவதற்காக. யப்பானிலும் இடப்பக்கமே ஓட்டுவதால் அங்கிருந்து வரும் கார்கள் இந்த விஷயத்தில் நமக்குப் பொருத்தமாகவே அமைந்தன.

இந்த ஏற்பாட்டில் எவ்வளவு சிறிய பிசகு எவ்வளவு கெடுக்கும் என்பதைக் கணக்கே காட்டும். டிம் கதிரின் விளிம்பு 10 மீற்றருக்கு 10 சென்றிமீற்றர் இறங்கும்படி வைப்பது வழக்கம். விளக்கு தரையிலிருந்து 65 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தால் அது 65 மீற்றருக்கப்பால் வீதியைத் தொடும். கதிர் ஒரே ஒரு பாகை மேலே போனால், 70 மீற்றர் தொலைவில் ஏறக்குறைய 1.2 மீற்றர் உயரத்தில் நிற்கும். அதுதான் எதிரே வரும் காரோட்டியின் கண்மட்டம். பல்பின் அடித்தட்டில் மூன்று காதுகளும், அவற்றில் ஒன்று மட்டும் அகலமாகவும் இருப்பது வேறெதற்காக? இழை தன் இடத்தில் தவிர வேறெங்கும் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான். அதனால்தான் வீட்டில் பல்ப் மாற்றுவது எளிது, ஆனால் அலட்சியமாகச் செய்யக் கூடியதல்ல. எஞ்சினை நிறுத்தி, பல்ப் ஆறும்வரை பொறுத்து, இணைப்பைக் கழற்றி, றப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பழையது கையோடு வரும். புதியதன் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. தோலின் எண்ணெய் படிந்த இடம் சூட்டில் பழுதாகி பல்பின் ஆயுள் குறையும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். ஒரு விலக்கு: சில யப்பான் கார்களில் செனன் விளக்கு உண்டு. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் எழும். அதை ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது உத்தமம்.

புதிய பல்ப் போட்டும் மங்கலாக இருந்தால் குற்றவாளி வேறு. ஹலோஜன் இழையின் ஒளி, மின்னழுத்தத்தைவிட மிக வேகமாக விழும். 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் ஒளியில் கால்பங்குக்கும் மேல் காணாமற்போகும். துருப்பிடித்த எர்த் இணைப்பும் தேய்ந்த சுவிட்சும் இருபது வருட வயரும் சேர்ந்து இந்தத் திருட்டைச் சத்தமின்றிச் செய்கின்றன. மல்ட்டிமீற்றர் ஒன்றை பல்பின் இணைப்பில் வைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். பற்றரியிலிருந்து பியூசுடன் தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, பழைய சுவிட்சைக் கட்டளையிட மட்டும் விட்டால், அதே 55 வாட் பல்ப் புதிதுபோல் எரியும். இதைச் செய்யாமல் 100 வாட் பல்ப் போடுகிறவர் வருத்தத்தை விலைக்கு வாங்குகிறார்: மின்னோட்டம் 5 அம்பியரிலிருந்து 8க்கு மேல் போக, வயரில் பிறக்கும் சூடு மூன்று மடங்கை நெருங்கும். ஹோல்டர் உருகுவது அப்படித்தான். வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பும் இன்னொரு திருடன். நுண்ணிய மணல்தாளால் நனைத்துத் தேய்த்துப் பொலிஷ் போட்டால் தெளியும்; மேலே புறஊதா காக்கும் பூச்சு பூசாவிட்டால் சில மாதங்களில் பழைய கோலமே.

"அதெல்லாம் சரி, பக்கத்து வீட்டுக்காரரின் எல்.ஈ.டி. பகல்போல் அடிக்கிறதே" என்பார்கள். அடிக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கே? இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளி விடும் மெல்லிய உருளை, மாற்று எல்.ஈ.டி. பெரும்பாலும் ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டிய சில்லுகள். குழியாடி எதிர்பார்த்த இடத்தில் ஒளி பிறக்காதபோது அது கண்ட இடமெல்லாம் சிதறும். காருக்கு முன்னாலுள்ள பத்து மீற்றர் வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குப் பழகிய கண் தொலைவிலுள்ள இருட்டில் ஒன்றும் காணாது. ஓட்டுபவருக்குக் கிடைப்பது தூரப் பார்வையல்ல, வெளிச்சம் இருக்கிறது என்ற திருப்தி. ரிவர்ஸ்டன் பனியில் இது இன்னும் மோசம்: விளிம்புக்கு மேலே தப்பிய ஒளியெல்லாம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு முன் வெள்ளைத் திரை கட்டும். மஞ்சள் பல்ப் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் பழையது. பிரான்ஸ் 1993 வரை தன் கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்டையே விதித்திருந்தது. ஆனால் மூடுபனித் துளிகள் ஒளியலைகளைவிடப் பல மடங்கு பெரியவை. நீலத்தையும் மஞ்சளையும் அவை ஏறக்குறைய ஒரேபோலவே சிதறடிக்கும். மஞ்சளால் கண் கூசுவது சற்றுக் குறையலாம், பனி விலகாது. கதிரைத் தாழ்த்துவதே அங்கே வைத்தியம்.

எல்.ஈ.டி. என்றாலே பிழை என்று சொல்ல வரவில்லை. இழை இருந்த இடத்திலேயே சில்லுகளை மிக நெருக்கமாக அமைக்கும் தயாரிப்புகள் வந்திருக்கின்றன. ஜேர்மனி 2020இல் அப்படியொரு ஒஸ்ராம் எச்7 மாற்றுக்கு வீதி அனுமதி கொடுத்தது. கவனிக்க வேண்டியது அனுமதியின் விதம். அது எச்7 ஹோல்டர் உள்ள எல்லாக் காருக்குமானதல்ல; சோதித்துப் பார்த்த கார் மாதிரிகளுக்கு மட்டும். பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணால் அந்தச் சோதனைக்கு ஈடுகொடுக்க முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்கிறவர் ஒரு மாலை நேரத்தைச் சுவருக்குக் கொடுக்கட்டும். சமதரையில் 5 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தி, முதலில் பழைய ஹலோஜனில் விளிம்பைச் சோக்கால் வரைந்துகொண்டு, பிறகு புதியதைப் போட்டுப் பார்க்கலாம். கோடு கலைந்தாலோ மேலே ஒளி கசிந்தாலோ கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கோடு கூர்மையாக இருந்தால், விளக்கின் நடுப்புள்ளியைவிட 5 சென்றிமீற்றர் கீழே நிற்கும்படி திருகைச் சரிசெய்யலாம். அப்போது ஓட்டுனர் இருக்கையில் ஒருவர் இருக்க வேண்டும், பின்பெட்டி காலியாக இருக்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து இரண்டு மூட்டை வெங்காயம் ஏற்றி வரும் நாளில் காரின் மூக்கு தூக்கும், கதிரும் கூடவே தூக்கும். பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0 முதல் எண்ணிட்ட ஒரு சின்னச் சக்கரம் இருப்பது அன்று திருப்புவதற்காக.