காதில் கேட்கிறது, குரல் மட்டும் போகவில்லை... ஏன்?

"ஹலோ, நான் பேசறது கேக்குதா?" காணொளிக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. எதிர்முனைக் குரல் தெளிவாக விழும். இங்கிருந்து ஒரு சொல்லும் போகாது. மைக் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும்.

முதல் சந்தேகம் பின்மேல்தான். கைபேசி ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பின்னில் மூன்று வளையங்கள் தெரியும். அவை உலோகத்தை நான்காகப் பிரிக்கின்றன: இடக்காது, வலக்காது, தரை இணைப்பு, மைக். பழைய மேசைக் கணினியிலோ ஒலிக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு இளஞ்சிவப்பு. பச்சையில் செருகினால் பாட்டு கேட்கும். மைக் பகுதியிலிருந்து குரலை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. இரண்டாகப் பிரித்துத் தரும் சிறிய இணைப்பான் போதும்.

இளஞ்சிவப்புத் துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக்கின் வாரிசுதான் இந்தக் குட்டி மைக். உள்ளே மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய படலம், குரல் பட்டு அதிரும்போது மின்னழுத்தம் மாறும். அந்த நுண்ணிய மாற்றத்தைக் கையாளும் டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட் வேண்டும். அதைத் தருவது அந்தத் துளையே.

பின் சரியா? அப்படியானால் அனுமதி. விண்டோஸ் 10-ன் அந்தரங்க அமைப்பில் மைக்குக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது. மேக் கணினிகளும் 2018-ன் மொஹாவி பதிப்பிலிருந்து செயலிக்குச் செயலி அனுமதி கேட்கின்றன. அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள்.

சிலசமயம் கணினி வெப்கேமில் உள்ள மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். பேசுபவர் ஹெட்செட்டில் கத்திக்கொண்டிருப்பார்.